மூன்றாம் தரம் சொல்லும் முன்

ஓர் ஏலக்கூடத்தை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். இடம் அமெரிக்க ஐக்கிய நாடு. மேடையில் மிகப் பெரிய பழைய கார் ஒன்று நிற்கிறது. எஞ்சின் ஓடாததால் நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் கருநீலமாக மின்னிய பெயிண்ட் மங்கிப் போய், மட்கார்டின் ஓரங்களில் தகடு தெரிகிறது. இருக்கைத் துணியைப் பூச்சி அரித்திருக்கிறது. நம் ஊர் வழக்கில் சொன்னால், ஏலக்காரர் "ஒரு தரம், இரண்டு தரம்" என்று கூவிக்கொண்டிருக்கிறார். கூடியிருப்போரோ ஆயிரம் ஆயிரமாக டாலரை ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

எடைக்குப் போட வேண்டிய வண்டிக்கு இத்தனை போட்டியா என்று நமக்கு வியப்பு ஏற்படும். இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. புதிது போலப் பழுது பார்த்து, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக்கிய அதே வகை வண்டியைவிட, யாரும் கை வைக்காத இந்த வண்டி சில வேளைகளில் கூடுதல் விலைக்குப் போகிறது. இது ஏன்? இத்தகைய வண்டியை ஏலத்தில் எடுப்பவர் எவற்றை ஆராய வேண்டும்? எடுத்த பின் என்ன செய்ய வேண்டும்? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இத்தகைய காரை வாங்கும் வசதி நம்மில் எவருக்கும் இருக்கப் போவதில்லை. ஆயினும் இதில் அறிவியல் மாணவர் கற்க வேண்டியது நிறைய உண்டு.

செல்வர்களின் வண்டிகள்

மோட்டார் கார் தோன்றிய முதல் நாற்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் செல்வர்களுக்கென்றே வண்டி செய்த கம்பெனிகள் பல இருந்தன. அவற்றுள் புகழ் பெற்றது பேக்கார்டு. 1899-இல் ஓஹையோ மாநிலத்தின் வாரன் நகரில் தொடங்கி, 1903-இல் டெட்ராயிட் நகருக்கு இடம் பெயர்ந்தது. 1915-இலேயே பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட காரை அறிமுகம் செய்தது. பஃபலோ நகரின் பியர்ஸ்-ஆரோ, முன்விளக்குகளை மட்கார்டுகளின் மேலேயே பதித்ததால் தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும் வண்டி. காடிலாக் கம்பெனி 1930 ஜனவரியில் பதினாறு சிலிண்டர் காரை வெளியிட்டது. டியூசன்பர்க் கம்பெனியின் 'மாடல் ஜே' 1928-இல் வெளிவந்தது. அதன் சேசிஸ் மட்டும் 8,500 டாலர். அதே ஆண்டில் போர்டு கம்பெனியின் 'மாடல் ஏ' காரை முழுதாகவே 500 டாலருக்குக் குறைவாக வாங்க முடிந்தது என்றால், வேறுபாட்டை உணரலாம்.

சேசிஸ் மட்டும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் லாரி சேசிஸை வாங்கி வேறொரு பட்டறையில் பாடி கட்டுவது போல, அக்காலச் செல்வரும் சேசிஸை வாங்கி, மர்ஃபி, லெபரான், டீட்ரிச் போன்ற பாடி கட்டும் நிறுவனங்களிடம் ஒப்படைப்பதுண்டு. ஆகவே ஒரே ஆண்டில், ஒரே கம்பெனியில் பிறந்த இரண்டு வண்டிகள் ஒன்றுபோல இருப்பதில்லை.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. அதன்பின் வந்த பெரும் பொருளாதார மந்தம் இந்தக் கம்பெனிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்தது. டியூசன்பர்க் 1937-இலும், பியர்ஸ்-ஆரோ 1938-இலும் மறைந்தன. பேக்கார்டு பெயர் தாங்கிய கடைசிக் கார் 1958-இல் வந்தது. மாடல் ஜே மொத்தம் 480 அளவிலும், பதினாறு சிலிண்டர் காடிலாக் பதினோரு ஆண்டுகளில் ஏறத்தாழ 4,000 அளவிலுமே செய்யப்பட்டன. அவற்றிலும் பல எஞ்சவில்லை. பெட்ரோலைக் குடிக்கும் இந்த வண்டிகளை மந்த காலத்தில் வாங்குவாரில்லை. உறுதியான சேசிஸ் என்பதால் சில, பழுதான வண்டிகளை இழுக்கும் வண்டிகளாக மாற்றப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது பழைய இரும்புக்காகப் பல உடைக்கப்பட்டன. தப்பியவை கொட்டகைகளிலும் களஞ்சியங்களிலும் மறந்து கிடந்தவை. அவற்றுள் ஒன்றுதான் இன்று மேடையில் நிற்கிறது.

அசல் என்பது ஒரு முறைதான்

பழைய கார் ஆர்வலர்கள் அமெரிக்காவில் சங்கங்களாகச் சேர்ந்தது 1935 முதல். தொடக்கத்தில் பழைய வண்டி கிடைத்தால் முழுதும் பிரித்து, சுரண்டி, புதுப் பெயிண்டும் புதுக் குரோமியமும் பூசுவதே வழக்கம். போட்டி மனப்பான்மையால் சில வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளைவிட அதிகம் மின்னின. அப்போதுதான் சிலருக்கு ஓர் ஐயம் பிறந்தது. இப்படி எல்லாவற்றையும் புதிதாக்கிவிட்டால், அன்றைய தொழிலாளி உண்மையில் எப்படித் தைத்தான், எப்படிப் பூசினான் என்பதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

பிலடெல்பியா நகரின் நரம்பு அறுவை மருத்துவர் பிரெட் சிமியோனி இந்தக் கருத்தை வலியுறுத்தியவர்களுள் முதன்மையானவர். பழைய பந்தயக் கார்களைச் சேர்த்து அருங்காட்சியகம் அமைத்த அவர், சிறந்த கார் ஒரு வரலாற்றுப் பொருள். ஓவியத்தைக் காப்பது போல அதைக் காக்க வேண்டும் என்று எழுதினார். 2022-இல் அவர் மறைந்தார். அதற்குள் அவர் கருத்து வேரூன்றிவிட்டது. கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950 முதல் நடந்து வரும் புகழ் பெற்ற கார்க் காட்சியில் 2024-ஆம் ஆண்டு முதற்பரிசு பெற்றது 1934-ஆம் ஆண்டின் புகாட்டி பந்தயக் கார் ஒன்று. அது பிரெஞ்சு நாட்டு வண்டி. தேய்ந்த பழைய பெயிண்டோடு, புதுப்பிக்கப்படாமல் பாதுகாக்கப்பட்டது. அத்தகைய வண்டி அங்கே முதற்பரிசு பெற்றது அதுவே முதல் முறை.

பணமும் ஆளும் இருந்தால் எந்த வண்டியையும் புதிதாக்கலாம். புதிதாக்கிய வண்டியை மறுபடி பழையதாக்க எவராலும் இயலாது. மங்கிய வண்டிக்கு மதிப்பு வந்த காரணம் இதுவே.

சுத்தியல் விழுந்தால் முடிந்தது

அமெரிக்க ஏலத்தின் விதிகளை இனிக் காண்போம். ஏலம் கேட்க விரும்புவோர் முன்கூட்டியே பதிவு செய்து, பணம் தரும் திறனுக்கு வங்கியின் சான்றைக் காட்ட வேண்டும். ஏலத்திற்கு முன் வண்டிகளைப் பார்வையிட நேரம் ஒதுக்குவார்கள். அந்தச் சில மணி நேரமே வாங்குபவரின் பரீட்சை மண்டபம்.

சில வண்டிகளுக்கு விற்பவர் ஓர் இரகசியக் குறைந்தபட்ச விலை வைத்திருப்பார். அதை எட்டாவிட்டால் வண்டி விற்பனையாகாது. வேறு சில, எந்த விலை வந்தாலும் விற்கப்படும் என்ற அறிவிப்போடு வரும். பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுள்ள வணிகச் சட்டத்தின்படி, சுத்தியல் விழும் கணத்தில் விற்பனை முடிவடைகிறது. அதற்கு முன் கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். அதற்குப் பின் பெற முடியாது. வண்டி 'உள்ளது உள்ளபடி' விற்கப்படுகிறது. வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு எஞ்சினில் வெடிப்பு இருக்கிறது என்று முறையிட்டுப் பெரும்பாலும் பயனில்லை. ஆகவே அறிய வேண்டியவற்றை எல்லாம் மூன்றாம் தரம் சொல்லும் முன்பே அறிந்தாக வேண்டும்.

வண்டியே சாட்சி

முதலில் ஆராய வேண்டியது: இந்த வண்டி, தான் யார் என்று சொல்கிறதோ அதுதானா? பெயரை மட்டும் நம்பக் கூடாது. பேக்கார்டு என்ற பெயர் 1935-இல் வந்த '120' என்ற நடுத்தர விலைக் காருக்கும் உண்டு; பன்னிரண்டு சிலிண்டர் காருக்கும் உண்டு. அமெரிக்கக் கிளாசிக் கார் சங்கம் பின்னதைத் தன் உயர்ந்த பட்டியலில் ஏற்கிறது. முன்னதைச் சில தனிப் பாடிகள் நீங்கலாக ஏற்பதில்லை. விலையிலும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

அடுத்து எண்கள். இன்று உலகெங்கும் கார்களுக்கு உள்ள பதினேழு இலக்க எண் அமெரிக்காவில் 1981 முதல்தான் கட்டாயம். அக்கால வண்டிகளில் சேசிஸ் எண், எஞ்சின் எண், பாடி எண் எனத் தனித்தனியே இருக்கும். பல வண்டிகள் எஞ்சின் எண்ணைக் கொண்டே பதிவு செய்யப்பட்டன. எஞ்சினை மாற்றியிருந்தால் உரிமைச் சான்றிலும் சிக்கல் வரும். அக்காலப் பேக்கார்டு வண்டிகளில் எஞ்சினுக்கும் உட்பகுதிக்கும் இடைப்பட்ட தடுப்பில் ஒரு சிறு தகடு இருக்கும். அதில் விற்ற வணிகரின் பெயரும் ஊரும் ஒப்படைத்த தேதியும் பொறிக்கப்பட்டிருக்கும். டியூசன்பர்க் வண்டிகளில் பாடிகளையும் எஞ்சின்களையும் பிற்காலத்தில் மாற்றிப் பொருத்திய கதைகள் பல உண்டு. ஆகவே எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது முதற்கடமை.

மூன்றாவது, கை படாதது என்ற கூற்று மெய்யா? இங்கே சிறு பொருள்கள் பெரிய சாட்சி சொல்லும். கூட்டல் குறி போன்ற வெட்டுடைய ஸ்டார் ஸ்குரூவை நாம் அறிவோம். அமெரிக்கக் கார்களில் அது முதலில் வந்தது 1936-ஆம் ஆண்டுக் காடிலாக்கில். எனவே 1931-ஆம் ஆண்டுக் காரின் கதவில் ஒரு ஸ்டார் ஸ்குரூ இருந்தால், பிற்காலத்தில் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்பது உறுதி. மைல் கணக்கு காட்டும் கருவி 20,000 என்று காட்டும்போது, மிதிகட்டையின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் இரண்டில் ஒன்று பொய். ஐந்து இலக்கக் கருவி ஒரு இலட்சம் மைலுக்குப் பின் சுழியத்திலிருந்து மறுபடி தொடங்கும் என்பதை மறக்கலாகாது. வெளிப் பெயிண்டின் நிறத்தை இருக்கைக்கு அடியிலும், மாற்றுச் சக்கரத்தின் பின்புறமும் உள்ள நிறத்தோடு ஒப்பிட வேண்டும். ரப்பர்ப் பட்டைகளின் மேல் பெயிண்ட் தெறித்திருந்தால் அது மறுபூச்சு.

என் தந்தையார் லாரிப் பட்டறையில் டிங்கரிங் வேலை பார்ப்பவர். நான் இவற்றைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "விரல் முட்டியால் தட்டிப் பாருடா. தகடு ஒரு சத்தம் போடும், பட்டி ஒரு சத்தம் போடும்" என்றார். துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டின் மேல் நகர்த்தினாலும் பட்டி பூசிய இடத்தில் பிடிப்புக் குறையும் என்றும் சொன்னார். நான் இதனோடு சேர்த்துக்கொள்வது ஒன்றுதான்: செல்வர்களின் கார்களில் சில பாடிகள் அலுமினியத்தால் ஆனவை. அவற்றில் காந்தம் எங்குமே ஒட்டாது. அதனால் வண்டியைக் குறை கூறலாகாது.

மறைந்திருக்கும் நோய்கள்

வண்டி மெய்யானது என்று கண்டபின் அதன் உடல்நிலையைப் பார்க்க வேண்டும்.

முதல் நோய் மரத்தில். அக்காலப் பாடியின் எலும்புக்கூடு பெரும்பாலும் ஆஷ் என்னும் மரத்தால் ஆனது. தகடு அதன் மேல் போர்த்திய தோல் மட்டுமே. கூரையின் நடுப்பகுதியோ தகடுகூட அன்று. மரச் சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டிய நீர்புகாத் துணி. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி முழு எஃகுக் கூரையைக் கொண்டு வந்தது 1935-ஆம் ஆண்டு வண்டிகளில்தான். அத்துணி கிழிந்தால் மழைநீர் உள்ளே இறங்கிக் கதவுத் தூண்களின் அடியில் தேங்கும். அங்கே மரம் உளுத்துப் போகும். வெளியே பெயிண்ட் நன்றாகவே இருக்கும். கதவைச் சிறிது திறந்து, கைப்பிடியைப் பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பார்த்தால் உண்மை வெளிப்படும். கதவோடு தூணும் அசைந்தால் மரம் போய்விட்டது என்று பொருள்.

இரண்டாம் நோய் துத்தநாகத்தில். கதவுக் கைப்பிடி, விளக்குச் சட்டம், கார்புரேட்டர் முதலிய பல பாகங்களைத் துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்துச் செய்தார்கள். அதில் ஈயம் சிறிதளவு கலந்திருந்தாலும் கேடு. வார்ப்பின் நுண்படிகங்களின் எல்லைகளில் அந்த ஈயம் தங்குகிறது. ஈரக் காற்றில் அந்த எல்லைகள் வழியே அரிப்பு உள்ளே பரவுகிறது. அரிப்பில் உண்டாகும் பொருள் கூடுதல் இடத்தை அடைப்பதால் பாகம் உப்பி, வெடித்து, இறுதியில் பிஸ்கட்டைப் போல் பொடியாகிறது. இதற்கு மருந்து இல்லை. மாற்றுப் பாகமே வழி. 1929-இல் நியூஜெர்சி துத்தநாகக் கம்பெனி 99.99 விழுக்காடு தூய துத்தநாகத்தைக் கொண்டு புதுக் கலவைகளை உருவாக்கியது. அதன் பின்னரே நோய் படிப்படியாகக் குறைந்தது. ஆகவே அதற்கு முற்பட்ட வண்டிகளில் நிக்கல் பூச்சின் அடியில் கொப்புளங்கள் தெரிகின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது நல்லது.

மூன்றாம் நோய் நீரால். அமெரிக்காவின் வடபகுதியில் குளிர்காலத்தில் நீர் உறையும். உறையும் நீர் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிவடையும் என்று நாம் படித்திருக்கிறோம். ரேடியேட்டரில் நீரை வடிக்காமல் வண்டியைக் கொட்டகையில் விட்டவர் செய்த ஒரு நாள் பிழை, சிலிண்டர் பிளாக்கையே பிளந்திருக்கும். பதினாறு சிலிண்டர் வண்டியின் பிளாக்குக்கு மாற்று எங்கே தேடுவது? எனவே பிளாக்கின் பக்கங்களில் முடிபோன்ற கோடுகள் உண்டா, எண்ணெயில் நீர் கலந்து பால் போல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் கையால் சுற்றினால் சுழல்கிறதா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். நாமே சுற்றிவிடக் கூடாது. உலர்ந்து ஒட்டிய பிஸ்டன் வளையங்கள் முறியலாம்.

இவை அனைத்தையும்விடக் கொடியது இல்லாமை. துருப்பிடித்த விளக்கை மீட்கலாம். காணாமற்போன விளக்கை மீட்க முடியாது. முழுமையாக உள்ள கெட்ட வண்டி, பாகங்கள் குறைந்த நல்ல வண்டியைவிட மேலானது என்பது இத்துறையினரின் அனுபவம்.

கணக்கும் கட்டுப்பாடும்

ஏலத்தில் கேட்கும் விலையோடு செலவு முடிவதில்லை. சுத்தியல் விலையின் மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் தனிக் கட்டணம் பெறும். எடுத்துக்காட்டாக 60,000 டாலருக்கு வண்டியை எடுத்து, கட்டணம் பத்து விழுக்காடு என்றால் 66,000 ஆகிறது. மாநில விற்பனை வரியும், இரண்டு டன் எடையுள்ள வண்டியை ஏற்றிச் செல்லும் வாடகையும் தனி. முழுப் புதுப்பிப்பில் இறங்கினால் அதுவே இலட்சம் டாலரைத் தாண்டி, வண்டியின் விலையை விழுங்கிவிடக்கூடும். கேரி கூப்பர் என்ற நடிகர் வைத்திருந்த 1935-ஆம் ஆண்டு டியூசன்பர்க் 2018-இல் 2 கோடியே 20 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மை. அச்செய்தியைப் படித்துவிட்டு எல்லாப் பழைய வண்டியும் தங்கச் சுரங்கம் என்று எண்ணுவது பேதைமை. விலையின் உச்ச வரம்பை வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். மண்டபத்தின் ஆரவாரத்தில் அந்தத் தாள் ஒன்றே நிதானமாக இருக்கும்.

வாங்கிய பின்

வண்டியை எடுத்தாயிற்று. இப்போதுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. கழுவுவதற்கு முன் ஒவ்வொரு மூலையையும் புகைப்படம் எடுக்க வேண்டும். பழைய பேட்டரிக் கம்பிகளில் உடனே மின்சாரம் செலுத்தலாகாது. நூல் சுற்றிய வயரிங் பொடிந்து தீப்பற்றலாம். பெட்ரோல் தொட்டியில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும். டயர், பிரேக், ரப்பர்க் குழாய் ஆகியவற்றை உயிர்ப் பாதுகாப்பு கருதி மாற்றியே ஆக வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை எறியாமல் பெயர் எழுதிக் கட்டி வைக்க வேண்டும்.

பெயிண்டைப் பொறுத்தவரை பொறுமையே மருந்து. 1920-களின் நடுவிலிருந்து பல கம்பெனிகள் நைட்ரோசெல்லுலோஸ் அரக்கைப் பூசின. அந்தப் படலம் மெல்லியது. இன்றைய பாலிஷை வைத்து அழுத்தித் தேய்த்தால், தொண்ணூறு ஆண்டு நின்ற பெயிண்ட் ஒரு பிற்பகலில் துணியோடு வந்துவிடும். அழுக்கை நீக்கு, துருவை நிறுத்து, மெழுகிட்டுக் காப்பாற்று. செய்ததை மீண்டும் மாற்றக்கூடிய விதத்தில் செய். பழைய ஏட்டுச் சுவடிக்கு எண்ணெய் பூசிக் காப்பதைப் போன்ற செயல் இது.

எல்லா வண்டியையும் அப்படியே விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மரம் உளுத்து, பாகங்கள் சிதைந்து, முன்பே இருமுறை பூசப்பட்ட வண்டியைப் புதுப்பிப்பதில் தவறில்லை. அதில் காக்க வேண்டிய சான்று எஞ்சவில்லை. எது எஞ்சியிருக்கிறது என்று முதலில் அறிந்து, அதன் பிறகே முடிவு செய்ய வேண்டும்.

முடிவுரை

இக்கட்டுரையை எழுதி முடித்து என் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். பழசு தெரியாமல் செய்வதே அவருடைய தொழில். இக்கருத்தை ஏற்க மாட்டார் என்றே எண்ணினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சுரண்டினால்தான் அடியில் என்ன இருக்குன்னு தெரியும். ஆனால் சுரண்டின பிறகு அது அங்கே இருக்காது" என்றார்.

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுப்பதும் அதுவே. கொடுத்த மாதிரிப் பொருள் கொஞ்சம்தான். அதில் அவசரப்பட்டு அமிலத்தை ஊற்றிவிட்டால் மறுபடி கேட்டுப் பெற முடியாது. முதலில் நிறத்தைப் பார், மணத்தைப் பார், குறித்துக்கொள், பிறகு கை வை என்பார்கள் ஆசிரியர்கள். ஏலக்கூடத்தில் நிற்கும் அந்த மங்கிய காரும் அத்தகைய மாதிரிப் பொருளே. அதை வாங்குபவர் கையில் இரண்டு பொறுப்புகள் இருக்கின்றன. ஒன்று, சுத்தியல் விழுமுன் நன்றாகப் பார்ப்பது. மற்றொன்று, சுத்தியல் விழுந்த பின் அவசரப்பட்டுக் கை வைக்காதிருப்பது. முதலாவதில் தவறினால் அவர் பணம் போகும். இரண்டாவதில் தவறினால், அவருக்கு மட்டும் உரியதல்லாத ஒன்று போகும்.